சர்க்கரை நீரும் கஞ்சி நீரும்

"வாயில் ஒரு துளி சர்க்கரை படக்கூடாது என்கிறார்கள். வயிற்றுக்குள் மட்டும் நாள் தவறாமல் சர்க்கரைத் தண்ணீரைப் பை பையாக விடுகிறார்கள். இது என்ன நியாயமப்பா?"

என் அன்னையார் கேட்ட கேள்வி இது. இருபத்திரண்டு ஆண்டுகளாக நீரிழிவு நோயோடு வாழ்பவர் அவர். அந்நோயே அவருடைய சிறுநீரகங்களையும் கெடுத்தது. இரண்டரை ஆண்டுகளாக வீட்டிலேயே வயிற்று டயாலிசிஸ் செய்துகொண்டு வருகின்றோம். அன்னையாரின் கேள்விக்கு அன்று என்னிடம் விடையில்லை. மெட்ரிகுலேஷன் வரை படித்த ரயில்வே குமாஸ்தாவுக்கு ரசாயனம் எவ்வளவு தெரியும்? ஆயினும் வீட்டில் ஒரு நோய் நுழைந்துவிட்டால், அதைப் பற்றிக் கற்றுக்கொள்ளாமல் இருக்க முடிவதில்லை. டாக்டரிடம் கேட்டும், கிடைத்ததைப் படித்தும் தெரிந்துகொண்டவற்றை நம் சங்கக் குடும்பங்களுக்குச் சொல்லலாம் என்று எண்ணியே இதை எழுதத் துணிந்தேன். நம்மவருள் நீரிழிவு இல்லாத வீடு அரிது என்பதை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் இம்மருத்துவத்தின் முறையைச் சொல்லிவிடுகிறேன். நம் குடலையும் மற்ற உறுப்புகளையும் மெல்லிய சவ்வு ஒன்று போர்த்தியிருக்கின்றது. பெரிடோனியம் என்பது அதன் பெயர். மடிப்பு மடிப்பாக உள்ள அதை விரித்துப் பார்த்தால் ஏறத்தாழ நம் உடம்புத் தோலின் பரப்பு இருக்கும் என்கிறார்கள். அச்சவ்வு முழுதும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பின்னிக் கிடக்கின்றன. வயிற்றில் சிறு குழாய் ஒன்றைப் பொருத்தி, அதன் வழியே இரண்டு லிட்டர் மருந்து நீரை உள்ளே விடுகிறார்கள். இரத்தத்தில் தேங்கிய யூரியா முதலிய கழிவுகள் சவ்வைக் கடந்து அந்நீரில் வந்து கலக்கின்றன. நான்கைந்து மணி நேரம் கழித்து அதை வடித்துவிட்டுப் புது நீர் விட வேண்டும். பகலில் மூன்று தடவை. இரவில் ஒரு பை வயிற்றிலேயே தங்கும். ஆக நாளொன்றுக்கு நான்கு பைகள். மாதத்துக்கு 120 பைகள். பார்சல்களை எடை போட்டுப் பழகிய என் கணக்கில் அது 240 கிலோவுக்கு மேல். எங்கள் வீட்டு முன்னறையில் விருந்தினர்க்கு இடமில்லாமற் போனதற்கு அந்த அட்டைப் பெட்டிகளே காரணம்.

கழிவை நீக்கினால் மட்டும் போதாது. சிறுநீர் இறங்காத உடம்பில் நாம் குடிக்கும் நீரெல்லாம் தங்கிவிடும். கால் வீங்கும், மூச்சு முட்டும், இருதயம் களைத்துப் போகும். ஆகவே உள்ளே விட்ட நீர் திரும்பி வரும்போது, உடம்பின் மிகை நீரையும் இழுத்துக்கொண்டு வர வேண்டும். வெறும் உப்பு நீரால் அது ஆகாது. இழுக்கும் பொருள் ஒன்று அதில் கலந்திருக்க வேண்டும். அந்தப் பொருள்தான் குளுக்கோஸ் என்னும் சர்க்கரை.

சர்க்கரை எப்படி நீரை இழுக்கும் என்பதை நம் தாய்மார்களுக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை. நறுக்கிய மாங்காயில் உப்பைப் பிசறி வைத்தால், மறுநாள் சாடியில் நீர் நிற்கின்றதல்லவா? அந்நீரை யார் ஊற்றினார்கள்? உப்பின் செறிவு மாங்காயின் உள்ளிருந்து நீரை வெளியே இழுத்தது. உலர்ந்த திராட்சையைத் தண்ணீரில் போட்டால் இதுவே திசை மாறி நடந்து திராட்சை பருக்கின்றது. 1748-இல் பிரான்சு நாட்டு நொல்லே என்னும் பாதிரியார், சாராயம் நிரம்பிய குப்பியின் வாயைப் பன்றியின் மூத்திரப்பைத் தோலால் கட்டித் தண்ணீரில் அமிழ்த்தி வைத்தார். தண்ணீர் உள்ளே புகுந்து தோல் புடைத்துக்கொண்டது. இதனைச் சவ்வூடு பரவல் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். ஊறுகாய் போடும் பாட்டிமார்கள் நொல்லேக்கு முன்பே இதை அறிந்திருந்தார்கள். பெயர் வைக்கத்தான் மறந்துவிட்டார்கள்!

மனித வயிற்றில் இம்முறையை 1923-இல் ஜெர்மனியின் கான்ட்டர் என்னும் மருத்துவர் முயன்று பார்த்தார். நடமாடிக்கொண்டே வீட்டில் செய்துகொள்ளும் இன்றைய முறைக்கு வித்திட்டவர்கள் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரத்துப் பொப்போவிச், மான்கிரீஃப் என்னும் இருவர், அது 1976-இல். கண்ணாடிப் புட்டிகளுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் பைகளைக் கொண்டுவந்து இதை எளிதாக்கியவர் டொரன்டோவில் பணியாற்றிய ஒரியோபுலோஸ். இந்தியாவில் இம்முறை 1991-இல் தொடங்கிற்று. இங்கே அதன் முன்னோடியாக விளங்குபவர் சென்னை மருத்துவர் ஜார்ஜி ஆபிரகாம் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி. ஏழைச் சிறுநீரக நோயாளிகளுக்கு உதவ 1993-இல் சென்னையில் தோன்றிய 'டேங்கர்' அறக்கட்டளையிலும் அவருக்குப் பங்குண்டு.

நிற்க. குளுக்கோஸ் மலிவானது, உடம்புக்குப் பழக்கமானது, நீரை நன்றாகவே இழுக்கின்றது. 1.5, 2.5, 4.25 சதவீதம் என்று மூன்று வகைப் பைகள் வருகின்றன. சதவீதம் ஏற ஏற இழுவை மிகும். ஆனால் அதற்குக் குறைகளும் உண்டு. குளுக்கோஸ் மிகச் சிறிய மூலக்கூறு. நீரை இழுத்துக்கொண்டிருக்கும்போதே அது தானும் சவ்வைக் கடந்து இரத்தத்தில் போய்ச் சேர்ந்துவிடுகின்றது. காவல் நிற்க அனுப்பிய ஆள் கொஞ்சம் கொஞ்சமாகச் சந்தைக்கு நழுவிவிடுவது போலத்தான் இது. ஐந்தாறு மணி நேரத்தில் பெரும்பகுதி நழுவிவிடும், இழுவை ஓய்ந்துவிடும். அதற்குப் பிறகும் நீர் வயிற்றிலே தங்கினால், வந்த நீர் மெல்ல உடம்புக்கே திரும்பத் தொடங்கும்.

எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். அன்னையாருக்காக நான் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். விட்டது எவ்வளவு, வந்தது எவ்வளவு, எடை, இரத்த அழுத்தம், கால் வீக்கம் என்று நாள்தோறும் எழுதுவது வழக்கம். முதல் ஆண்டில் இரவுப் பையின் கணக்கு 'விட்டது 2000, வந்தது 2200' என்ற அளவில் இருந்தது. இரண்டாம் ஆண்டில் அது 2000 ஆயிற்று, பிறகு 1900, ஒரு நாள் 1820. விட்டதிலேயே 180 மில்லி லிட்டரை உடம்பு உறிஞ்சிக்கொண்டது என்று அர்த்தம். 2.5 சதவீதப் பையை மாற்றி இரவுக்கு 4.25 சதவீதப் பை கொடுத்தார்கள். நீர் கொஞ்சம் வந்தது. ஆனால் காலையில் இரத்தச் சர்க்கரை முந்நூறைத் தாண்டிற்று. இன்சுலினைக் கூட்டினோம். உடம்பும் பருத்தது.

பையிலுள்ள சர்க்கரையை நான் கணக்கிட்டுப் பார்த்தேன். இரண்டு லிட்டர் 1.5 சதவீதப் பை ஒன்றில் ஏறத்தாழ 27 கிராம் குளுக்கோஸ். 4.25 சதவீதப் பையில் ஏறத்தாழ 77 கிராம். (27 கிராம் என்பது பையில் எழுதிய சதவீதத்தோடு ஒத்து வராது, ஒட்டியிருக்கும் நீரையும் சேர்த்துச் சதவீதம் எழுதுகிறார்கள்.) மூன்றும் ஒன்றும் ஆக நான்கு பைகளில் 158 கிராம். அதில் நூறு கிராமை ஒட்டி உடம்பில் சேருமானால், நாளொன்றுக்கு இருபது கரண்டிச் சர்க்கரையை வாய் அறியாமல் வயிறு தின்கின்றது. அன்னையார் கேட்டதில் நியாயம் இருந்தது.

இன்னொரு தீங்கு மெதுவாக நேர்வது. சர்க்கரைப் பாகு காய்ச்சுகிறவர்களுக்குத் தெரியும். சூடு சற்று மிஞ்சினால் பாகு நிறம் மாறி வாசனையும் மாறிவிடும். மைசூர்ப் பாகுக்குப் பெயர் போன ஊரில் இருந்துகொண்டு இதை விளக்கத் தேவையில்லை. குளுக்கோஸ் பைகளை நுண்ணுயிர் இல்லாதபடி சூட்டில் பதப்படுத்தும்போது அதே இனத்து மாற்றம் சிறிய அளவில் நடந்து, சில சிதைவுப் பொருள்கள் உண்டாகின்றன. அவையும், செறிந்த குளுக்கோஸும் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் அந்த மெல்லிய சவ்வைப் பாதித்துத் தடிக்கச் செய்கின்றன. சவ்வு கெட்டால் வயிற்று டயாலிசிஸுக்கு வழியில்லை. சர்க்கரையைத் தனி அறையில் அமிலச் சூழலில் வைத்துக் காய்ச்சி, உபயோகிக்கும் வேளையில் மட்டும் கலக்கும் இரட்டை அறைப் பைகள் இதற்காகவே வந்தன.

டாக்டர் ஒரு நாள் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார். இரவு நீர் வராவிட்டால் வாரம் மூன்று நாள் இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்திகரிக்கும் முறைக்கு மாற வேண்டியிருக்கும். ஆனால் அம்மாவின் இருதயம் அதைத் தாங்குமா என்பது ஐயம். அதற்கு முன் ஒன்றைச் செய்து பார்க்கலாம் என்றார். அவர் கன்னடத்துக்காரர். எனக்கு விளங்கும்படிச் சொல்ல வேண்டும் என்று, "சர்க்கரைக்குப் பதில் கஞ்சி என்று வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். கன்னடத்தில் 'கஞ்ஜி' என்பார்கள். துணிக்குப் போடுவதும் அதுதான், குடிப்பதும் அதுதான். வீட்டுக்கு வந்து சொன்னேன். அன்னையார் திடுக்கிட்டார். "சர்க்கரைத் தண்ணீர் போய் இப்போது கஞ்சித் தண்ணீரா? வயிற்றுக்குள்ளே மொடமொடவென்று ஆகிவிடாதா?" என்றார். வெகுநாள் கழித்து அன்றுதான் வீட்டில் எல்லோரும் வாய்விட்டுச் சிரித்தோம்.

அம்மருந்தின் பெயர் ஐகோடெக்ஸ்ட்ரின். மக்காச்சோள மாவுச்சத்திலிருந்து செய்யப்படுவது. மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் மணிகளைக் கோத்த நீண்ட மாலை என்று, நம் ஊர்ச் செலுவாம்பா மாளிகையில் 1950 முதல் இயங்கும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எனக்கு விளக்கினார். அந்த மாலையை முழுதும் அறுத்தால் குளுக்கோஸ். அளவாக அறுத்து, நடுத்தர நீளத் துண்டுகளை மட்டும் பிரித்தெடுத்தால் ஐகோடெக்ஸ்ட்ரின். குளுக்கோஸின் மூலக்கூறு எடை 180. இதன் சராசரி எடை பதினாறாயிரத்துக்கு மேல்.

இவ்வளவு பெரிய மூலக்கூறு சவ்வின் துளைகளில் எளிதில் நுழைய முடியாது. ஆகவே உள்ளே விட்ட இடத்திலேயே நின்று, பொறுமையாக நீரை இழுத்துக்கொண்டிருக்கின்றது. வியப்பு என்னவென்றால், 7.5 சதவீத ஐகோடெக்ஸ்ட்ரின் நீரின் மொத்தச் செறிவு நம் இரத்தத்தின் செறிவுக்கு ஏறத்தாழச் சமம். 4.25 சதவீதக் குளுக்கோஸ் நீரோ இரத்தத்தைவிட மிகச் செறிந்தது. செறிவு சமமாயிருந்தும் நீர் ஏன் வருகின்றது என்று பெரியவரை விடாமல் கேட்டேன். இரு பக்கமும் உள்ள சிறு மூலக்கூறுகள் அங்குமிங்கும் போய் வந்து ஈடாகிவிடும். போக முடியாத பெரியவை எந்தப் பக்கம் மிகுதியோ அந்தப் பக்கம் நீர் சாயும் என்றார். இரத்தக் குழாய்களுக்குள் இரத்தநீரைத் தக்கவைப்பதும் ஆல்புமின் என்னும் பெரிய புரதம் இவ்வாறு செய்யும் வேலையே.

சவ்வின் வாசல்களிலும் வேறுபாடு உண்டு. குளுக்கோஸ் இழுக்கும் நீரில் ஏறக்குறையப் பாதி, நீர் மட்டுமே புகக்கூடிய அக்வாபோரின் என்னும் மிக நுண்ணிய வாய்க்கால்களின் வழியே வருகின்றது. இவ்வாய்க்கால்களைக் கண்டறிந்த பீட்டர் ஆக்ரேக்கு 2003-இல் நோபெல் பரிசு கிடைத்தது. ஐகோடெக்ஸ்ட்ரின் இழுக்கும் நீரோ பெரும்பாலும் சற்றே பெரிய துளைகளின் வழியே, உப்பையும் உடன் கொண்டு வருகின்றது. சவ்வு விரைவாகக் குளுக்கோஸைக் கடத்திவிடும் தன்மையுடைய நோயாளிகளுக்கு இதனால் நன்மை மிகுதி. என் அன்னையார் அவ்வகையினர் என்பது சோதனையில் தெரிந்தது.

இங்கிலாந்தில் மிஸ்திரி, கோகல் முதலிய மருத்துவர்கள் 209 நோயாளிகளிடம் ஆறு மாதம் சோதித்து 1994-இல் வெளியிட்ட ஆராய்ச்சியே இதன் பெயரை நிலைநாட்டிற்று. இரவு முழுதும் தங்கும் பையில், மிகக் குறைந்த செறிவுக் குளுக்கோஸைவிட எட்டு மணி நேரத்தில் மூன்றரை மடங்கும், பன்னிரண்டு மணி நேரத்தில் ஐந்தரை மடங்கும் மிகுதியாக நீர் வந்தது. மிகச் செறிந்த குளுக்கோஸுக்கு இது நிகராயிற்று. அந்த ஆராய்ச்சியின் ஆசிரியர் வரிசையில் இந்தியப் பெயர்களைக் கண்டு மகிழ்ந்தேன்.

எங்கள் நோட்டுப் புத்தகத்தில் புதுப் பையின் முதல் இரவு: விட்டது 2000, வந்தது 2430. இரண்டாம் வாரம் 2550 வரை வந்தது. கால் வீக்கம் வடிந்தது. ஒரு மாதத்தில் எடை மூன்று கிலோ குறைந்தது. அன்னையார் படுக்கையில் நிமிர்ந்து படுத்துத் தூங்கினார். அதற்கு முன் இரண்டு மாதமாகச் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினார் என்பது படிப்பவர்களுக்கு விளங்கினால் போதும்.

இதை ஒரு நாளைக்கு ஒரு பைக்கு மேல் கொடுப்பது வழக்கமில்லை. நீண்ட நேரம் தங்கும் பைக்கே இது உரியது. இதுவும் முற்றிலும் பட்டினிப் பொருளன்று. பன்னிரண்டு மணி நேரத்தில் பையிலுள்ள 150 கிராமில் ஏறத்தாழ 40 சதவீதம் நிணநீர் வழியாக உடம்பில் சேர்ந்துவிடுகின்றது. ஆனால் அது மெல்லச் சேர்வதாலும், மால்ட்டோஸ் முதலிய துண்டுகளாக உடைவதாலும் சர்க்கரை ஒரேயடியாக ஏறுவதில்லை. மக்காச்சோள மாவு ஒவ்வாதவர்களுக்கு இது ஆகாது. சிலருக்குத் தோலில் தடிப்பு வரும். விலையும் கூடுதல். ரயில்வே ஊழியரைச் சார்ந்து வாழும் தாய்க்கு ரயில்வே மருத்துவ வசதி உண்டென்பதால், காகிதங்களைச் சுமந்து நடக்கும் அலைச்சலோடு எனக்கு முடிந்தது. ஊதுவத்திப் பட்டறையிலும் கடைகளிலும் வேலை செய்யும் நம்மவர்கள் விலையை முதலிலேயே விசாரித்துக்கொள்ள வேண்டும். 2016-இல் தொடங்கிய பிரதம மந்திரி தேசிய டயாலிசிஸ் திட்டத்தில் வயிற்று டயாலிசிஸுக்கும் 2019-இல் வழிமுறைகள் வகுத்திருக்கிறார்கள். மாவட்ட ஆஸ்பத்திரியில் கேட்டுப் பார்ப்பது நல்லது.

2002-இல் ஐரோப்பாவில் நடந்த ஒரு செய்தியையும் சொல்ல வேண்டும். இந்நீரை உபயோகித்த பலருக்குத் திடீரென்று வயிற்று நீர் கலங்கலாக வந்தது. கிருமித் தொற்று என்று தேடினால் கிருமியைக் காணோம். பைகளைத் திரும்பப் பெற்று ஆராய்ந்ததில், சூட்டிலும் அமிலத்திலும் வாழும் ஒருவகை நுண்ணுயிரின் உடற்சுவர்த் துண்டுகள் மருந்தில் தங்கியிருந்தது தெரிந்தது. உயிர் செத்தும் கூடு எஞ்சியது! அதன் பிறகு அந்தப் பொருளுக்கும் தனிச் சோதனை வைத்தார்கள். ஆகையால் வடிந்த நீர் கலங்கலாயிருந்தால் எந்தப் பையானாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பது எங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கும் தெரியும். பைக்குப் பின்னால் செய்தித்தாளைப் பிடித்தால் எழுத்துத் தெளிவாகத் தெரிய வேண்டும். அதுதான் எங்கள் சோதனை.

குளுக்கோஸுக்கு மாற்றுத் தேடியவர்கள் பலவற்றை முயன்றிருக்கிறார்கள். சார்பிட்டால் உடம்பில் தேங்கி மயக்கத்தில் கொண்டுவிட்டது. கிளிசரால் குளுக்கோஸைவிடச் சிறியது. இன்னும் விரைவாக நழுவிற்று. அமினோ அமிலங்களை 1.1 சதவீதம் கலந்த பை ஒன்று உண்டு. அது எனக்கு மிகவும் பிடித்த யோசனை. ஏனெனில் இந்த டயாலிசிஸில் நாள்தோறும் ஐந்து முதல் பதினைந்து கிராம் வரை புரதம் வடிந்துபோகின்றது. போகும் வழியிலேயே ஈடு கொடுப்பது எவ்வளவு சாமர்த்தியம்! ஆனால் யூரியாவும் அமிலத் தன்மையும் ஏறுவதால் அதையும் ஒரு நாளைக்கு ஒரு பையோடு நிறுத்துகிறார்கள். அன்னையாருக்குப் புரதத்தை நாங்கள் வாய் வழியாகவே கொடுக்கிறோம். சைவமாக இருந்தவர், டாக்டர் சொன்ன பிறகு முட்டையின் வெள்ளையை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு விழுங்குகிறார். கார்னிட்டின், சைலிட்டால், பாலிகிளிசரால் என்று இன்னும் சில பொருள்கள் ஆராய்ச்சியில் இருக்கின்றன.

இனி நான் மிக முக்கியமாகச் சொல்ல விரும்பியதற்கு வருகிறேன். நாமெல்லாம் பிறந்த ஊர் ஓரிடம், பிழைக்கும் ஊர் ஓரிடம் என்று வாழ்பவர்கள். திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் ரயில் ஏறுகிறோம். சென்ற தை மாதம் என் தமக்கை மகளின் திருமணத்துக்குத் திண்டுக்கல் போக வேண்டியிருந்தது. பேத்தியின் கல்யாணத்தைப் பார்க்காமல் இருப்பேனா என்று அன்னையார் பிடிவாதமாக நின்றார். இரவுப் பை பதினாறு மணி நேரம் வரை தங்கலாம் என்பதால் பயணம் சாத்தியமாயிற்று. மாலை ஐந்து மணிக்கு வீட்டில் ஐகோடெக்ஸ்ட்ரினை விட்டுக்கொண்டு தூத்துக்குடி எக்ஸ்பிரஸில் ஏறினோம். வண்டியில் பை மாற்றும் தொல்லையே இல்லை. மறுநாள் காலை தமக்கை வீட்டில் தனி அறையைத் துடைத்து, கதவை அடைத்து, மின்விசிறியை நிறுத்தி, கை கழுவி வடித்தோம். 2510.

முகூர்த்தத்தன்று பந்தி தாமதமாயிற்று. காலையில் இன்சுலின் போட்டுக்கொண்டவர் வேளைக்குச் சாப்பிடவில்லை. மண்டபத்தில் உட்கார்ந்திருந்தபோதே அவருக்கு வியர்த்துக் கொட்டிக் கை நடுங்கிற்று. பேச்சுக் குழறிற்று. மைத்துனர் அருகிலிருந்த ஒரு நர்ஸிங் ஹோமுக்குக் காரில் கொண்டுபோனார். நானும் உடன் ஓடினேன். அங்கே விரலில் குத்திச் சிறு கருவியில் பார்த்தார்கள். 212 என்று காட்டிற்று. "சர்க்கரை ஏறியிருக்கிறது, இன்சுலின் போட வேண்டும்" என்று ஊசியை எடுத்துவிட்டார்கள்.

அந்த 212 பொய். ஐகோடெக்ஸ்ட்ரின் உடைந்து இரத்தத்தில் மால்ட்டோஸ் சேருகின்றது என்று மேலே சொன்னேன். பழைய முறையிலான ஒருவகைப் பட்டைகளில் உள்ள நொதி, குளுக்கோஸையும் மால்ட்டோஸையும் பிரித்தறியாது. இரண்டையும் கூட்டிக் குளுக்கோஸ் என்று காட்டும். அந்த நொதியின் பெயர் ஜி.டி.எச்.-பி.கியூ.கியூ. என்பது. உண்மையில் சர்க்கரை தாழ்ந்திருக்கும்போது கருவி உயர்ந்திருப்பதாகச் சொல்லும். அதை நம்பி இன்சுலின் போட்டால் மூளைக்குச் சர்க்கரையே இல்லாமற் போய் உயிர் போகும். 1997 முதல் 2009 வரை இவ்வகைத் தவறான அளவினால் 13 பேர் இறந்ததாக அமெரிக்க மருந்து நிர்வாகம் 2009-இல் எச்சரித்தது. அவர்களுள் பெரும்பாலோர் இந்நீரை உபயோகித்தவர்கள். இதை எங்கள் டாக்டர் முதல் நாளே சொல்லி, குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்னும் நொதியுள்ள பட்டைகளையே வாங்கச் சொல்லியிருந்தார். அந்தக் கருவி என் பையில் இருந்தது.

"பொறுங்கள் ஐயா, ஊசி வேண்டாம்" என்று தடுத்தேன். டியூட்டியிலிருந்த இளைஞருக்குக் கோபம் வந்தது. "நீங்கள் டாக்டரா?" என்று கேட்டார். இல்லையென்று சொல்லி, எங்கள் டாக்டர் கையெழுத்திட்ட அட்டையை நீட்டினேன். அவர் அதைப் படிப்பதற்குள் என் கருவியில் பார்த்தேன், 58. மைத்துனர் வெளியே ஓடிச் சர்க்கரை கரைத்த நீர் கொண்டுவந்தார். வாயில் ஒரு துளி சர்க்கரை கூடாது என்று இத்தனை நாள் காத்த நாங்களே அன்று கரண்டி கரண்டியாகப் புகட்டினோம். கால் மணியில் அன்னையார் என்னைப் பெயர் சொல்லி அழைத்தார். நரம்பிலிருந்து எடுத்த இரத்தத்தைப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பினார்கள். சர்க்கரை புகட்டிய பிறகு எடுத்ததாயினும் அதில் 84 தான் வந்தது. அந்த இளைஞர் பிறகு அட்டையைத் தம் செல்போனில் படமெடுத்துக்கொண்டார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. வயிற்று டயாலிசிஸ் நோயாளியையே அவர் அதற்கு முன் கண்டதில்லையாம். ஆனால் அட்டையைப் படிக்குமுன் கையில் ஊசி இருந்தது என்பதை நினைத்தால் இன்னும் எனக்கு உள்ளங்கை வியர்க்கின்றது.

தாலி கட்டியதைப் பார்க்க முடியவில்லையே என்று அன்னையாருக்குக் குறை. மணமக்களே நர்ஸிங் ஹோமுக்கு மாலையோடு வந்து வணங்கிச் சென்றார்கள்.

அட்டையில் எழுதியிருப்பதை அன்பர்கள் கேட்பார்கள் என்பதால் தருகிறேன். தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றிலும் எழுதி, அட்டையை அன்னையாரின் கைப்பையில் ஒன்றும், என் சட்டைப் பையில் ஒன்றும், மருந்துப் பெட்டியில் ஒன்றுமாக வைத்திருக்கிறோம்: "இவர் ஐகோடெக்ஸ்ட்ரின் கொண்டு வயிற்று டயாலிசிஸ் செய்துகொள்பவர். மால்ட்டோஸால் பாதிக்கப்படாத பட்டையிலோ, பரிசோதனைச் சாலையிலோ மட்டுமே இரத்தச் சர்க்கரையைப் பார்க்கவும். வேறு கருவி காட்டும் உயர்ந்த அளவை நம்பி இன்சுலின் போட வேண்டாம். இரத்தத்தில் அமைலேஸ் அளவும் தாழ்வாகக் காட்டலாம்." கீழே டாக்டரின் கையெழுத்தும் தொலைபேசி எண்ணும்.

புதிதாகப் பட்டை வாங்கும்போதெல்லாம் பெட்டிக்குள் இருக்கும் துண்டுத்தாளை விரித்து, மால்ட்டோஸ், ஐகோடெக்ஸ்ட்ரின் என்னும் சொற்களைத் தேடிப் பார்த்துவிட வேண்டும். கடைக்காரர் "எல்லாம் ஒன்றுதான் சார்" என்பார். ஐகோடெக்ஸ்ட்ரினை நிறுத்திவிட்டாலும் அதன் துண்டுகள் இரத்தத்தை விட்டு நீங்க ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகுமாம். அதுவரை அட்டை பையிலேயே இருக்கட்டும்.